வீட்டில் பியர்: எதை நீங்களே செய்துகொள்ளலாம், எங்கே சிக்கனம் கூடாது

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, விலை உயர்ந்த சாமான் எதுவும் வாங்காமல் கைக்குக் கிடைப்பதை வைத்தே பியர் தயாரிக்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ள முடியுமா. இரண்டு, அப்படிச் செய்த முதல் பியரில் மருந்து வாடை அடித்தது, ஏர்லாக்கில் (உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சாதனம்) குமிழியே வரவில்லை, சில பாட்டில்கள் திறந்ததும் பொங்கி வழிந்தன, இதெல்லாம் ஏன்.

முதல் கேள்விக்குப் பதில்: தாராளமாக முடியும். ஆனால் எந்த இடத்தில் கைவேலை, எந்த இடத்தில் சிக்கனம் என்பதில் தெளிவு வேண்டும். மொத்த வேலையையும் நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, ஊறவைத்து எடுக்கும் இனிப்புச் சாறு, அதாவது வோர்ட், கொதித்து முடிகிற வரை ஒரு பக்கம். அது ஆறத் தொடங்கியது முதல் பாட்டிலைத் திறக்கிற வரை இன்னொரு பக்கம். கொதிக்கும் பக்கம் பெரும்பாலான பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்: பாத்திரம் நசுங்கியிருக்கலாம், வெப்பம் இரண்டு டிகிரி முன்னே பின்னே போகலாம், பை கிழிந்து உமி கொஞ்சம் கலக்கலாம். பியர் வந்துவிடும். ஆறிய பக்கம் அப்படி இல்லை. கழுவாத ஒரு குழாய், 26 டிகிரியில் விட்ட நொதித்தல், இரண்டு நாள் அவசரம், இதில் எது நடந்தாலும் டம்ளரில் தெரியும். நீங்கள் சொன்ன கோளாறுகளும் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில் பிறப்பவைதான்.

தொடங்கும் முன் ஒன்று: சொந்த உபயோகத்துக்கு பியர் தயாரிப்பது சில நாடுகளில் அனுமதி, சிலவற்றில் உரிமம் வேண்டும், சிலவற்றில் குற்றம். உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே சொல்வது நொதிக்க வைப்பது மட்டும். வடித்து இறக்குவது சட்டத்திலும் ஆபத்திலும் வேறு ரகம்.

அளவு: 10 லிட்டர் போதும்

பெரும்பாலான செய்முறைகள் 20 லிட்டருக்கு எழுதப்பட்டவை. அதற்கு 35, 40 லிட்டர் பாத்திரமும் தனி பர்னரும் வேண்டும். வீட்டு அடுப்பால் 14 லிட்டரைத் தளதளவென்று கொதிக்கவைக்க முடியும், 27 லிட்டரை முடியாது. ஆகவே 10 லிட்டரில் தொடங்குங்கள். 20 லிட்டர் பாத்திரம் ஒன்று போதும். பழுதானாலும் போவது பாதிதான்.

எளிய பேல் ஏலுக்கான (வெளிர்நிற, மிதமான வெப்பத்தில் நொதிக்கும் பியர் வகை) அளவு: பேல் மால்ட் 2.2 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 200 கிராம், தண்ணீர் 15.5 லிட்டர், 10 சதவீத ஆல்ஃபா அமிலம் (கசப்பு தரும் பொருள்) உள்ள ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) 10 கிராம் (60 நிமிடக் கொதிக்கு), 5 சதவீதம் உள்ள வாசனை ஹாப்ஸ் 15 கிராம் (கடைசி 10 நிமிடத்துக்கு), உலர் ஏல் ஈஸ்ட் 6 கிராம். தண்ணீர்க் கணக்கு இப்படி: நொதிகலனுக்கு 10, அடிவண்டலோடு போவது 1, ஆவியாவது 3 சுமார், தானியம் குடிப்பது 1.5 சுமார். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஆவியாகும் என்பது உங்கள் பாத்திரத்தின் வாய் அகலத்தைப் பொறுத்தது. ஒருமுறை வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அளந்து வைத்துக்கொண்டால் பிறகு எப்போதும் உதவும்.

இதில் வர வேண்டிய எண்கள்: கொதிக்கும் முன் 14 லிட்டர் வோர்ட், ஒப்படர்த்தி (தண்ணீரை 1.000 என்று வைத்து ஒப்பிட்ட அடர்த்தி) 1.036, கொதித்த பின் 11 லிட்டர், 1.046. நொதித்து முடியும்போது 1.010 முதல் 1.012. ஆரம்ப எண்ணிலிருந்து முடிவு எண்ணைக் கழித்து 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம், இங்கே 4.5 சொச்சம். கசப்பு 27 ஐபியு (பியரின் கசப்பை அளக்கும் அலகு) அளவில் நிற்கும்.

பாத்திரமும் பையும்

எவர்சில்வர் உத்தமம். அலுமினியம் ஆகாது என்பது தேவையில்லாத பயம். புதுப் பாத்திரத்தில் வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் உள்பக்கம் மங்கும். அந்த மங்கல்தான் ஆக்சைடு படலம், அதுதான் பாதுகாப்பு. பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்து எடுக்காதீர்கள். சலவைச் சோடா, சோடியம் பெர்கார்பனேட் போன்ற காரப் பொடிகளையும் அலுமினியத்தில் போடாதீர்கள். துத்தநாகம் பூசிய வாளி எந்தக் கட்டத்திலும் வேண்டாம், வோர்ட்டின் அமிலம் பூச்சைக் கரைக்கும்.

தானியத்தை வடிக்கத் தனித் தொட்டி, சல்லடை எதுவும் தேவையில்லை. மெல்லிய பாலியெஸ்டர் வலைத்துணியில், பாத்திரத்தின் வாயை முழுதாக மூடித் தொங்கும் அளவுக்கு ஒரு பை தைத்துக்கொண்டால் தேநீர்ப் பை போல ஊறவைத்துத் தூக்கிவிடலாம். தையலை இரட்டையாக அடியுங்கள். ஈரமான தானியம் நாலு கிலோ தாண்டும், சூடாகவும் இருக்கும். அடியில் ஒரு வட்டக் கம்பித் தட்டு போடுங்கள், இல்லையென்றால் அடுப்பை மூட்டும்போது பை பாத்திரத்தோடு ஒட்டி உருகும்.

பாத்திரத்தில் வால்வு பொருத்த நினைத்தால்: அரை அங்குல பல்க்ஹெட்டுக்கு (பாத்திரச் சுவரில் வால்வை இறுக்கும் பொருத்தி) 21 மில்லிமீட்டர் விட்டத்தில் துளை வேண்டும் (பொருத்தியை வைத்து அளந்து பாருங்கள்). ஸ்டெப் டிரில் பிட், மெதுவான வேகம், சொட்டுச் சொட்டாக எண்ணெய். எவர்சில்வரை வேகமாகத் துளைத்தால் சூடேறிக் கெட்டிப்பட்டு பிட்டைத் தின்றுவிடும். வாஷராக சிலிகான் ஓ-ரிங் போடுங்கள், சாதாரண ரப்பர் கொதியில் நாறும். வால்வு எவர்சில்வராகவே இருக்கட்டும்; பித்தளையில் ஈயம் கலந்திருக்கலாம். ஆனால் 10 லிட்டருக்கு வால்வே வேண்டாம் என்பது என் கருத்து. சாய்த்து ஊற்றலாம், இல்லையென்றால் சைபன் குழாய் போதும். வால்வுக்குள் வண்டல் தங்கும், அதைக் கழற்றிக் கழுவுவது கூடுதல் வேலை.

ஊறல், கொதி

15.5 லிட்டர் தண்ணீரை 70 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, பையை விரித்து, 25 டிகிரியில் இருக்கும் தானியத்தைக் கொட்டிக் கிளறினால் கலவை 67-இல் நிற்கும். கட்டி இருந்தால் உடைத்துவிடுங்கள், கட்டிக்குள் இருக்கும் மாவு வீண். அடுப்பை அணைத்து, மூடி, கம்பளியால் சுற்றி ஒரு மணி நேரம். நடுவில் ஒருமுறை கிளறலாம். இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் பரவாயில்லை. 64 பக்கம் போனால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை கூடும், பியர் வறண்டு (இனிப்பு குறைந்து) வரும்; 69, 70 பக்கம் போனால் பியரின் உடல், அதாவது வாயில் உணரும் திடம், கனமாக இருக்கும், முடிவு எண்ணும் உயரும். 76-க்கு மேலேறினால்தான் மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் செத்துவிடும்.

பையைத் தூக்கி வடியவிட்டு, நன்றாகப் பிழியுங்கள். பிழிந்தால் துவர்க்கும் என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. துவர்ப்பு வருவது பிழிவதால் அல்ல. உமியை 77 டிகிரிக்கு மேல், பிஹெச் 6-ஐத் தாண்டிய நீரில் ஊறப்போட்டால் வரும்.

கொதி வருவதற்குச் சற்று முன்னால் நுரை திரண்டு எழும். முதல் பொங்கல் அப்போதுதான். அந்தப் பத்து நிமிடம் அடுப்பை விட்டு நகராதீர்கள், தெளிப்பானில் குளிர்ந்த நீர் வைத்துக்கொண்டால் நுரையை அடக்கலாம். முதல் ஹாப்ஸைப் போடும்போது இன்னொருமுறை பொங்கும். மூடியைத் திறந்தே வையுங்கள். மால்ட்டிலிருந்து பிறக்கும் டைமெத்தில் சல்பைடு ஆவியோடு வெளியேற வேண்டும். மூடினால் அது சொட்டிச் சொட்டித் திரும்பிவிடும், பியரில் வெந்த மக்காச்சோள வாசனை வரும். பில்ஸ்னர் மால்ட் (இன்னும் வெளிறிய வகை) என்றால் 60-க்குப் பதில் 90 நிமிடம் கொதிக்கவிடுங்கள், அதற்கேற்பத் தண்ணீரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆறவைக்கும் சுருள்

நீங்களே செய்யக்கூடியவற்றில் உழைப்புக்கு அதிகப் பலன் தருவது இது. வெளிவிட்டம் 10 மில்லிமீட்டர் உள்ள மென்செம்புக் குழாய் 6 முதல் 8 மீட்டர். சுருட்டி விற்கும் குழாயாக வாங்குங்கள்; நேர்க்குழாயாக வரும் கடினச் செம்பு வளையாது, ஒடியும். பாத்திரத்தை விட நாலைந்து சென்டிமீட்டர் ஒடுங்கிய உருளை ஏதாவது ஒன்றின் மேல், அவசரமில்லாமல், ஒரு கையால் அழுத்தி மறு கையால் உருளையைத் திருப்பிச் சுற்றுங்கள். பெரிய வளைவுகளில் நசுங்காது. நசுங்குவது இரண்டு முனையும் மேலே திரும்பும் இடத்தில்தான். அங்கே வளைப்பு ஸ்பிரிங் போடுங்கள். ஸ்பிரிங் இல்லையென்றால் குழாயில் காய்ந்த உப்பை இறுக நிரப்பி, முனைகளை அடைத்து, பிறகு வளையுங்கள். வேலை முடிந்ததும் தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து போய்விடும்.

முக்கியமான விவரம்: இரண்டு முனைகளும் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயும் ஹோஸ் கிளிப்பும் சேரும் இடம் என்றாவது சொட்டத்தான் செய்யும். அந்தச் சொட்டு தரையில் விழட்டும், வோர்ட்டில் விழக் கூடாது. புதுச் சுருளின் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரில் எடுத்துவிட்டு, வினிகரில் கழுவுங்கள். கொதியின் கடைசி 15 நிமிடம் சுருள் பாத்திரத்துக்குள் இருந்தால் கிருமிநீக்கம் தானாக நடந்துவிடும்.

தண்ணீரைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றால் நேரமாகும். சுருளை ஒட்டிய வோர்ட் மட்டும் குளிர்ந்து அங்கேயே நிற்கும். சுருளையே மெல்ல அசைத்துக்கொண்டிருங்கள், வேகம் இரட்டிப்பாகும். குழாய் நீர் 28, 30 டிகிரியில் வரும் இடத்தில் சுருளால் அதற்குக் கீழே இறக்க முடியாது. 40 வரை குழாய் நீரில் இறக்கிவிட்டு, பிறகு பனிக்கட்டி போட்ட வாளியிலிருந்து சிறு பம்ப் மூலம் சுழலவிடுங்கள். 10 லிட்டர்தான் என்பதால் பாத்திரத்தை மூடி பனிக்கட்டித் தொட்டியில் இறக்கினாலும் வேலை நடக்கும், கொஞ்சம் மெதுவாக.

இதற்கு மேல் சிக்கனம் வேண்டாம்

நொதிகலனுக்கு 15 லிட்டர் அளவில் உணவுத்தர எச்டிபிஇ (கெட்டிப் பிளாஸ்டிக் வகை) வாளி, இறுக்கமான மூடியோடு. முன்பு வாசனைப் பொருள் இருந்த வாளி வேண்டாம், பிளாஸ்டிக் வாடையைக் குடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே கீறல் விழுந்த வாளியும் வேண்டாம். கீறலுக்குள் ஒளியும் பாக்டீரியாவைச் சானிடைசர் எட்டாது. கம்பி நார், கரகரப்பான பஞ்சு இரண்டையும் இந்த வாளியின் அருகிலேயே வைக்காதீர்கள்.

ஏர்லாக் வாங்க வேண்டுமென்பதில்லை. மூடியில் துளையிட்டு ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பில் பொருந்தும் வளையம்) போட்டு, அதில் 10 மில்லிமீட்டர் குழாயைச் செருகி, மறுமுனையைச் சானிடைசர் நிரம்பிய ஜாடியில் மூழ்கவைத்தால் போதும். நுரை பொங்கி வந்தாலும் இது அடைக்காது, சின்ன ஏர்லாக் அடைத்து மூடியையே தெறிக்கவிடும். துளையை குரோமெட்டின் பள்ளத்தை அளந்து போடுங்கள், துளைக்குப் பின் பிசிறை முழுதாகச் சுரண்டி எடுங்கள். வாளியின் கீழ்ப்பக்கத்தில் திறப்புக் குழாய் பொருத்தினால் வாளியின் அடித்தட்டிலிருந்து மூன்று சென்டிமீட்டர் மேலே. உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இரண்டு வாஷர். ஒரு இரவு தண்ணீர் நிரப்பி ஒழுகல் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கழுவ வேண்டும். தொடர்ந்து இரண்டு மூன்று முறை பியர் புளித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் குழாயின் உள்பக்கத்தைத்தான்.

கழுவுவது வேறு, கிருமிநீக்குவது வேறு. அழுக்கின் மேல் ஊற்றிய சானிடைசர் அழுக்கைத்தான் நனைக்கும். முதலில் சோடியம் பெர்கார்பனேட் லிட்டருக்கு 5 கிராம், வெதுவெதுப்பான நீரில், அரை மணி நேரம், பிறகு அலசல். அதன்பின் பாஸ்பாரிக் அமிலம் சார்ந்த, அலசத் தேவையில்லாத சானிடைசர் (ஸ்டார் சான் வகை) லிட்டருக்கு 1.5 மில்லி. இரண்டு நிமிடம் நனைந்திருந்தால் போதும், நுரை ஒட்டியிருந்தாலும் பாதகமில்லை. பிளீச் மலிவுதான். ஆனால் அதை அலச வேண்டும், அலசும் நீரைக் கொதிக்கவைத்து ஆற்ற வேண்டும், மிச்சம் ஒட்டினால் பியர் போச்சு. பிளீச்சோடு வினிகரோ வேறு அமிலமோ கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

நொதித்தல்: வெப்பம்தான் சுவை

பெரும்பாலான ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி. கவனியுங்கள், இது பியரின் வெப்பம், அறையின் வெப்பம் அல்ல. நொதித்தலே சூடு கிளப்பும். உச்சத்தில் வாளியின் உள்ளே அறையை விட 3 முதல் 5 டிகிரி கூட இருக்கும். முதல் மூன்று நாள்தான் முக்கியம், சுவையைக் கெடுக்கும் பொருள்கள் பெரும்பாலும் அப்போதுதான் உருவாகின்றன. நான்காம் நாளுக்குப் பிறகு 21, 22-க்கு ஏறினால் நல்லதுதான், ஈஸ்ட் தான் போட்ட வெண்ணெய் வாசனையைத் தானே தின்று முடிக்கும்.

பழைய குளிர்பெட்டியும் வெளியே மாட்டும் தெர்மோஸ்டாட் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இருந்தால் இந்தப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. மின்சார வேலை பழக்கமில்லையென்றால் பிளக்கோடு வரும் கட்டுப்பாட்டுப் பெட்டியை வாங்குங்கள், வெறும் சர்க்யூட்டை வாங்கி நீங்களே வயர் இழுக்க வேண்டாம்; ஈரமும் உலோகமும் இருக்கும் இடம் அது. உணரியை வாளியின் பக்கவாட்டில், வோர்ட் மட்டத்துக்குக் கீழே ஒட்டி, அதன் மேல் ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றை வைத்து டேப் சுற்றுங்கள். ஸ்பாஞ்சு இல்லாவிட்டால் உணரி காற்றை அளக்கும், பியரை அல்ல. கட்டுப்பாட்டுப் பெட்டியில் வெப்ப இடைவெளி ஒரு டிகிரி, கம்ப்ரசர் தாமதம் 5 நிமிடத்துக்குக் குறையாமல்.

குளிர்பெட்டி இல்லையா? வாளியைப் பாதி உயரம் தண்ணீர் நிரம்பிய தொட்டியில் வைத்து, உறைந்த நீர்ப் பாட்டில்களைக் காலை மாலை மாற்றுங்கள். இதில் சில டிகிரி இறங்கும். அதற்கும் வழியில்லாத வெப்பமான இடம் என்றால் வெப்பத்தோடு மல்லுக்கு நிற்பதை விட்டுவிட்டு ஈஸ்ட்டை மாற்றுங்கள். நார்வேயின் பண்ணை ஈஸ்ட்டான குவைக் வகைகள் 30 முதல் 35 டிகிரியிலும் சுத்தமாக, சில நாள்களிலேயே முடிக்கும். வெப்ப நாட்டுக்காரர்களுக்கு இதை விட நல்ல யோசனை இல்லை.

ஈஸ்ட் போடும் முன் வோர்ட்டை உயரத்திலிருந்து ஊற்றியோ வாளியை உலுக்கியோ காற்றேற்றலாம். திரவ ஈஸ்ட்டுக்கு அது அவசியம். உலர் ஈஸ்ட் தேவையான சரக்கோடுதான் வருகிறது. நொதித்தல் தொடங்கிய பிறகு காற்றே படக் கூடாது. மூடியைத் திறந்து திறந்து பார்க்கும் பழக்கத்தை விடுங்கள்.

பாட்டில்

பத்து நாள் ஆனபின் ஹைட்ரோமீட்டரில் (ஒப்படர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவி) ஒரு அளவு. மூன்று நாள் கழித்து இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் பாட்டில், நாள்காட்டியைப் பார்த்து அல்ல. காரணம்: ஒப்படர்த்தி ஒரு புள்ளி, அதாவது 0.001, பாட்டிலுக்குள் இறங்கினால் லிட்டருக்கு அரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு சேரும். சாதாரண ஏலுக்கு வேண்டிய மொத்தமே லிட்டருக்கு 2.4 லிட்டர் அளவுதான். நாலு புள்ளி மிச்சம் வைத்து அடைத்து, மேலே சர்க்கரையும் போட்டால், அது பாட்டில் அல்ல, வெடி.

பாட்டிலுக்குள் வாயு ஏற, 20 டிகிரியில் நொதித்த பியருக்கு லிட்டருக்கு 6 கிராம் வெள்ளைச் சர்க்கரை. 9.5 லிட்டர் கைக்கு வந்தால் 57 கிராம். சமையலறைத் தராசில் நிறுங்கள், கரண்டிக் கணக்கு வேண்டாம். 150 மில்லி நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, காலி வாளியின் அடியில் ஊற்றி, அதன்மேல் பியரைச் சைபன் செய்யுங்கள். குழாய் நுனி அடியைத் தொட்டு, சுழன்றபடி நிறையட்டும்; சலசலப்பு வேண்டாம். பிறகு சானிடைஸ் செய்த கரண்டியால் மெதுவாக இரண்டு சுற்று கலக்குங்கள்.

அழுத்தம் தாங்கும் பாட்டில் மட்டும்: பியர் பாட்டில், சோடா வகைப் பெட் பாட்டில். வைன் பாட்டிலோ சதுரப் பாட்டிலோ ஆகாது. மேலே மூன்று சென்டிமீட்டர் இடம் விடுங்கள். ஒரே ஒரு பெட் பாட்டிலையாவது நிரப்பி வையுங்கள், அழுத்திப் பார்த்தே வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். 20, 24 டிகிரியில் இரண்டு வாரம், பிறகு குளிரில். பழுப்புக் கண்ணாடியானாலும் வெயில் படாமல் வையுங்கள். ஒளி பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து நாறும்.

இனி உங்கள் கோளாறுகள்

மருந்து வாடை, பிளாஸ்டர் வாடை: குளோரோபீனால். தண்ணீரில் இருந்த குளோரின் அல்லது வாளியில் ஒட்டிய பிளீச், மால்ட்டின் பீனால் பொருள்களோடு சேர்ந்து உண்டாவது. துளி அளவே போதும், நாள்பட வைத்தாலும் போகாது. அந்தப் பியரைக் கொட்டுவதைத் தவிர வழியில்லை. குளோரின் மட்டுமென்றால் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பறந்துவிடும். குளோரமின் (சில ஊர்க் குழாய் நீரில் குளோரினுக்குப் பதில் சேர்ப்பது) பறக்காது, அதற்கு 15 லிட்டருக்கு 0.1 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட், ஊறலுக்குச் சில நிமிடம் முன் கலக்கினால் போதும். கிராம்பு வாசனை மட்டும் என்றால் அது ஈஸ்ட்டின் வேலை. கோதுமை பியர் ஈஸ்ட்டாக இருந்தால் அது இருக்க வேண்டிய வாசனைதான், சாதாரண ஏல் ஈஸ்ட்டாக இருந்தால் காட்டு ஈஸ்ட் புகுந்திருக்கிறது.

குமிழி வரவில்லை: பத்தில் ஒன்பது முறை மூடி இறுக்கமாக இல்லாமல் காற்றுப் போகும்படி இருக்கிறது, வாயு அந்த வழியாகப் போகிறது. ஏர்லாக் அளவுகோல் அல்ல. மூடியின் உட்பக்கம் நீர்த்துளி, வோர்ட் மேல் நுரை, சுவரில் பழுப்பு வளையம், இவை இருந்தால் நொதிக்கிறது. சந்தேகம் தீர ஹைட்ரோமீட்டர். 48 மணி நேரத்துக்குப் பிறகும் எண் அசையவில்லையென்றால் ஈஸ்ட் செத்தது. பெரும்பாலும் சரியாக ஆறாத, சூடான வோர்ட்டில் போட்டிருப்பீர்கள். புதுப் பொட்டலம் போடுங்கள், அதற்கு மேல் காத்திருந்தால் பாக்டீரியா முந்திக்கொள்ளும்.

பாதியில் நின்றது: 1.020-இல் நகராமல் நின்றால் முதலில் ஹைட்ரோமீட்டரை 20 டிகிரி வெறும் நீரில் மிதக்கவிட்டு 1.000 காட்டுகிறதா பாருங்கள். அடுத்து, ரிஃப்ராக்டோமீட்டரால் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) அளந்தீர்களா? ஆல்கஹால் சேர்ந்தபின் அது கூடுதலாகக் காட்டும், திருத்தக் கணக்கு போட்டே ஆக வேண்டும். நின்றுவிட்டதாகச் சொல்லப்படும் பியரில் கணிசமானவை இப்படி முடிந்துவிட்ட பியர்தான். உண்மையாகவே நின்றிருந்தால் 21, 22 டிகிரிக்கு ஏற்றி, வாளியைத் திறக்காமல் சுழற்றி அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கிளப்புங்கள். நாலு நாளில் அசையாவிட்டால், ஊறல் வெப்பம் உயர்ந்து நொதிக்காத சர்க்கரை மிஞ்சியிருக்கலாம். அதற்கு ஈஸ்ட் பதில் சொல்லாது. உங்கள் வெப்பமானியைக் கொதிநீரிலும் பனிக்கட்டி நீரிலும் சோதியுங்கள், மலிவான வெப்பமானிகளில் மூன்று டிகிரி பிழை சகஜம்.

ஆரம்ப எண்ணே குறைவு: 1.046-க்குப் பதில் 1.036 வந்தால் காரணம் பெரும்பாலும் அரைப்பு. பை முறைக்கு, தானியம் அரைக்கும் இயந்திரத்தின் உருளை இடைவெளி 0.8 மில்லிமீட்டர் சுமார். முழு மணி ஒன்றுகூடத் தெரியக் கூடாது. கொதிக்கும் முன்பே அளந்தால் அந்த இடத்திலேயே சரி செய்யலாம்: 100 கிராம் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (வோர்ட்டை உலர்த்திய பொடி) 10 லிட்டரில் நாலு புள்ளி சுமார் உயர்த்தும். சூடான வோர்ட்டை அளந்து பயப்படாதீர்கள். 40 டிகிரியில் ஹைட்ரோமீட்டர் ஏழு புள்ளி குறைத்துக் காட்டும்.

மற்ற வாசனைகள். பச்சை ஆப்பிள்: அவசரம், இன்னும் ஒரு வாரம் விடுங்கள். வெண்ணெய்: அதே அவசரம், அல்லது தொற்று, சந்தேகமென்றால் ஒரு மாதிரியை மூடி 65 டிகிரியில் இருபது நிமிடம் வைத்து, ஆற்றி, சூடாக்காத மாதிரியோடு முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் அடித்தால் ஈஸ்ட் இன்னும் வேலை முடிக்கவில்லை. தொண்டையில் எரிச்சல், பெயின்ட் தின்னர் மாதிரி: முதல் நாள்களில் சூடு. ஈர அட்டை: பாட்டிலில் அடைக்கும்போது காற்று. அழுகிய முட்டை: பதற வேண்டாம், ஈஸ்ட் விடும் கந்தகம், சில நாளில் தானே போகும்.

பொங்கி வழிந்த பாட்டில்கள்: எத்தனை பொங்கின என்பதிலேயே பதில் இருக்கிறது. எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி பொங்கினால், நொதித்து முடியும் முன் அடைத்திருக்கிறீர்கள் அல்லது சர்க்கரை கூடிவிட்டது. சிலது பொங்கி, சிலது வாயுவே இல்லாமல் இருந்தால் சர்க்கரைப்பாகு சரியாகக் கலக்கவில்லை. சிலது மட்டும் பொங்கி, மற்றவை சரியாக இருந்தால் அந்தப் பாட்டில்களில் அழுக்கு. அவற்றில் கழுத்தில் ஒரு வளையம், மேலே மெல்லிய ஏடு, நாள் போகப்போகப் புளிப்பு, நீர்த்த உடல், இதெல்லாம் காட்டிக்கொடுக்கும். உங்களுக்குச் சிலது மட்டும் பொங்கியதால் மூன்றாவதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். மிச்சப் பாட்டிலில் வாயு சரியாக இருக்கிறதா என்று பார்த்து இரண்டாவதை விலக்குங்கள்.

மீதமுள்ள பாட்டில்களை இப்போதே கையாளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த கையுறை, பாட்டில்களின் மேல் ஒரு தடித்த துணி. அப்படியே குளிர்பெட்டியில் ஒரு நாள் முழுக்க வைத்தால் வாயு கரைந்து அழுத்தம் குறையும். பிறகு ஒவ்வொன்றாக, முகத்தை விலக்கி, மூடியை லேசாக நெம்பி வாயுவை விட்டு மீண்டும் அடையுங்கள். தொற்று உள்ளவற்றைக் கொட்டிவிட்டு, அந்தப் பாட்டில்களை பெர்கார்பனேட்டில் ஒரு இரவு ஊறவைத்துத் தூரிகை போடுங்கள். பியர் பட்ட மென்குழாய்களைக் காப்பாற்ற முயலாதீர்கள், புதிதாக மாற்றிவிடுங்கள்.